'அண்ணி' என்று ஒரு பெட்டி

பொறாமைக்கு வேறு பெயர் வைத்துக் கொள்கிறவர்கள் உண்டு. அக்கறை என்பார்கள், ஆதங்கம் என்பார்கள், "சும்மாதான் கேட்டேன்" என்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. என் நாத்தனாரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நான்கு வருடம், லீவு நாள்கூட விடாமல் எரிந்தது.

அவளை வீட்டில் குருவி என்று கூப்பிடுவோம். என் கணவரின் ஒரே தங்கை. சின்ன வயதில் பொத்தான், பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள், உடைந்த கடிகாரத்தின் முள் என்று கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் சேர்ப்பாளாம். அதனால் வந்த பெயர். நாற்பத்திரண்டு வயதிலும் அதே பெயர், அதே குணம். கட்டிலுக்குப் பதிலாக இப்போது கைபேசி, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வேலை செய்வது கடைத்தெரு முனையில் இருக்கும் மூன்று மாடிக் கடையில். துணி, பாத்திரம், குடை, மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் உண்டு. தெருவைப் பார்த்து ஏழு கண்ணாடி ஷோகேஸ். அந்த ஏழையும் மாதம் ஒருமுறை மாற்றி அலங்கரிப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். மாடிப்படிக்கு அடியில் எங்கள் பட்டறை. துணி மாட்டுகிற பொம்மைகள் தலையைக் கழற்றிய நிலையில் சுவரோரம் வரிசையாக நிற்கும், கைகள் தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிடம் பயந்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

பத்தொன்பது வருடமும் நான் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டதில்லை. எல்லாம் தலைக்குள்தான். குளிக்கும்போது ஒன்று தோன்றும், பஸ்ஸில் ஒன்று தோன்றும், யாரையாவது திட்டும்போது ஒன்று தோன்றும். மறுநாள் கடைக்குப் போய்ச் செய்துவிடுவேன். மறந்தது மறந்ததுதான், நாளைக்கு வேறொன்று வரும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

குருவி எங்கள் கடைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு பார்சல் அலுவலகத்தில் இருந்தாள். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற மேசை முன்னால் நின்றுகொண்டே செய்கிற வேலை. வலது முழங்கால் அங்கேதான் போயிற்று. கல்யாண வாழ்க்கையும் அந்தச் சமயத்தில்தான் போயிற்று, ஆனால் அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், முழங்காலைப் பற்றித்தான் பேசுவாள். அப்புறம் அந்த மேசைக்கு ஒரு இயந்திரம் வந்தது. இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் வந்து தங்கினாள். ஒரு மாதம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கச் சகிக்காமல், நான்தான் மேனேஜரிடம் பேசி எனக்கு உதவியாகச் சேர்த்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் மாதம் நூல்கண்டு பிடித்தாள், ஏணி பிடித்தாள், பொம்மைக்குக் கை மாட்டினாள். இரண்டாவது மாதம் கைபேசியை எடுத்தாள்.

அவள் அதில் செய்வது என்னவென்று சொல்கிறேன். ஏதோ ஒரு குறிப்பு ஆப். எதைப் பார்த்தாலும் படம் பிடிப்பாள்: மழையில் நனைந்த தார்ப்பாய், பேருந்து நிறுத்தத்தில் குடைகளைச் சாய்த்து வைத்திருந்த விதம், பல் டாக்டர் அறையின் பச்சைச் சுவர். எதைக் கேட்டாலும் குரலாகப் பதிவாள். தெருவில் நடந்துகொண்டே தனியாகப் பேசுவாள், எதிரே வருகிறவர்கள் விலகிப் போவார்கள். எல்லாம் முதலில் 'கூடை' என்று ஒரு இடத்தில் விழும். சனிக்கிழமை காலையில் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கூடையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு வரியில் சுருக்கம் எழுதி, அதனதன் பெட்டியில் போடுவாள். 'நிறம்', 'மழை', 'நாற்காலி', 'பொம்மை' என்று பெட்டிகள். பார்சல் பிரித்த அதே கை. காபி ஆறிப் போவதுகூடத் தெரியாது அவளுக்கு.

பார்சல் அலுவலகத்தைப் பற்றி அவள் ஒரே ஒரு கதைதான் திரும்பத் திரும்பச் சொல்வாள். அனுப்புநர் பெயர் இல்லாமல் வருகிற பார்சலில் விலாசம் தவறாக இருந்தால், அதை முன்னாலும் அனுப்ப முடியாது, திருப்பியும் அனுப்ப முடியாது. பின்னறையில் போட்டுவிடுவார்களாம். அந்த அறை நிறைந்து இன்னொரு அறை திறந்தார்களாம். "யாரோ யாருக்கோ ஆசையா அனுப்பினது அண்ணி, யாருதுன்னே தெரியாம கெடந்துச்சு" என்பாள். எனக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது.

எரிச்சல் எங்கே ஆரம்பித்தது என்றால், மேனேஜர் ஒருநாள் "போன மழைக்கு என்ன வச்சோம்?" என்று கேட்டார். நான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவள் கைபேசியில் இரண்டு தட்டு தட்டி, ஏழு ஷோகேஸின் படத்தையும் தேதி வாரியாக அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அடேங்கப்பா!" என்றார் மேனேஜர். பத்தொன்பது வருடத்தில் அந்த 'அடேங்கப்பா' எனக்கு ஒருதடவைகூடக் கிடைத்ததில்லை.

அதன் பிறகு எதற்கெடுத்தாலும் "குருவியைக் கேளு" என்றாயிற்று. விளக்குப் பிரிவில் இருந்து வருவார்கள், தச்சர் வருவார், விளம்பரப் பலகை அடிக்கிறவர்கள் வருவார்கள். எல்லாரும் அவளிடம். போதாததற்கு, அவள் என்னை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கடை மொத்தமும் என்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தது. அதுவரை நான் மேடம். என்னைவிட ஆறு வயது மூத்த மேனேஜர்கூட "அண்ணி, ஏணி எங்க?" என்கிறார். பெயரும் போயிற்று பாருங்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் கணவர் குளிர்பெட்டி ரிப்பேர் செய்கிறவர். ஒரு திருகாணி தொலைந்தாலும் "என் தங்கச்சி மாதிரி எடுத்து வைக்கத் தெரியணும்" என்பார். ஒருநாள் நான் சொல்ல வந்ததை மறந்து நின்றபோது, "உன் தலைக்கும் ஒரு சார்ஜர் வாங்கித் தரவா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கோபமாக வந்தது. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவளிடம் இன்னொரு பழக்கம். நான் ஏணி மேல் நின்று ஏதாவது புலம்பிக்கொண்டிருப்பேன். கீழே இருந்து கைபேசியை நீட்டுவாள்.

"அண்ணி, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஏன், காதுல விழலையா? ஆணியக் கொடுடின்னேன்."

"அது இல்ல, அதுக்கு முன்னாடி."

அதற்கு முன்னால் என்ன சொன்னேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் குற்றங்குறைகளைச் சேர்த்து வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் புதுக்கடைச் செய்தி வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே எங்கள் கடைக்கே இன்னொரு கிளை. பதினான்கு ஷோகேஸ். இரண்டு கடைக்கும் சேர்த்து ஷோகேஸ் பொறுப்பு ஒருவருக்கு. மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு யோசனை கொண்டு வாங்க. புதுக்கடை முனை ஷோகேஸுக்கு. வெள்ளிக்கிழமை காலையில பாத்துட்டு, யாருன்னு முடிவு பண்ணிக்கலாம்."

எனக்குத் தருவார்கள் என்றுதான் பத்தொன்பது வருடமும் நினைத்திருந்தேன். போட்டி என்றதும் முகத்தில் அறைந்தது போல இருந்தது. நான் சேர்த்துவிட்டவள் சொல்ல, நான் ஏணி ஏற வேண்டி வரலாம். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய கொடுமை, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குளித்துப் பார்த்தேன். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய்ப் பார்த்தேன். என் கணவரைக் காரணமில்லாமல் திட்டிக்கூடப் பார்த்தேன். தலைக்குள் பழைய ஷோகேஸ்கள்தான் சுற்றின. முன்னறையில் அவள் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் நூறு இருக்கும், ஆயிரம் இருக்கும். ஒன்றை உருவினால் போதும் அவளுக்கு.

புதன்கிழமை மதியம். குருவி சாப்பிட மாடிக்குப் போயிருந்தாள். பட்டறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு டேப்லெட் உண்டு, அளவு குறிக்கவும் அச்சடிக்கிறவர்களுக்குப் படம் அனுப்பவும். காலையில் அவள் அதில் தன் கணக்கைத் திறந்து ஏதோ படம் அனுப்பினாள். மூடாமல் போய்விட்டாள். நான் அளவு பார்க்கத்தான் எடுத்தேன். சத்தியமாக அளவு பார்க்கத்தான். திறந்ததும் அவள் பெட்டிகள் எல்லாம் கண்முன்னால் வரிசையாக நின்றன.

நிறம், மழை, நாற்காலி, பொம்மை, வெளிச்சம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ளே எத்தனை என்று எண். கீழே தள்ளினேன். ஒரு பெட்டியின் பெயர் 'அண்ணி'. பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.

இருநூற்றுப் பன்னிரண்டு குறை! நான்கு வருடத்தில் வாரத்துக்கு ஒன்று என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். என்ன எழுதியிருப்பாள்? நான் தச்சரைத் திட்டியது, பொம்மையின் விரலை உடைத்துவிட்டுத் தச்சர் மேல் பழி போட்டது, மேனேஜருக்குப் பட்டப்பெயர் வைத்தது. விரலை அதன் மேல் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். திறக்கத் தைரியம் வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாயிற்று: என்னைப் பற்றி இவ்வளவு எழுதியவளிடம் எனக்கென்ன தயவு தாட்சண்யம்?

'பொம்மை' என்ற பெட்டியைத் திறந்தேன். குறிப்புகள் வரிசையாக ஓடின. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன வண்ணப் புள்ளி. சிலதில் நீலம், சிலதில் ஆரஞ்சு, நிறையப் பச்சை. பச்சை என்றால் நல்லது, எடுத்துச் செய்யலாம் என்று அர்த்தமாக இருக்கும். சாலை விளக்கில் தொடங்கி எல்லா இடத்திலும் அதுதானே வழக்கம்? பச்சையாகப் பார்த்து ஒன்றைத் திறந்தேன்.

இரண்டே வரி. "பொம்மைகள் எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எதையோ பார்த்துக்கொண்டிருக்கின்றன, என்னவென்று தெரிய வேண்டுமானால் கடைக்குள் வர வேண்டும்."

படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொறாமையில் கண்ணீர் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எவ்வளவு எளிமை, எவ்வளவு திமிர்! இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? அடியில் ஒரு குரல் பதிவும் ஒட்டியிருந்தது. அழுத்தினால் சத்தம் வெளியே கேட்கும், அடுத்த அறையில் தச்சர் இருக்கிறார். அழுத்தாமல் மூடி வைத்தேன்.

அன்று மாலையும் மறுநாளும் ஒரு செருப்புப் பெட்டியை வெட்டி மாதிரி செய்தேன். எட்டுச் சின்னப் பொம்மைகள், எல்லாம் முதுகு காட்டி. கோட்டின் பின்பக்கத் தையல், கைப்பையின் வார், குடையின் பிடி, எல்லாம் பின்னாலிருந்து தெரியும். உள்ளே ஒரே ஒரு மஞ்சள் விளக்கு, அதைத்தான் எல்லாம் பார்க்கின்றன. விளக்கு நான் சேர்த்தது. அவள் குறிப்பில் விளக்கு இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, மேனேஜர் அறை. நான் மூத்தவள் என்று என்னை முதலில் அழைத்தார். செருப்புப் பெட்டியை மேசை மேல் வைத்துத் திறந்து, மடமடவென்று பேசிவிட்டேன். குருவி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அவள் நாற்காலி ஒருதரம் கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

மேனேஜர் பெட்டியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் புருவம் சுருங்கியது.

"இத நான் எங்கயோ படிச்சிருக்கேனே" என்றார். "குருவி, போன மாசம் நீ ஒரு பட்டியல் அனுப்பினியே, அதுல இருந்துச்சில்ல?"

அவர் கணினியைத் திருப்பித் தேட ஆரம்பித்தார். பத்தொன்பது வருடத்துப் பெயர் இப்போது போகிறது. கடையில் போகும், வீட்டில் போகும், தச்சர் வரைக்கும் போகும். மன்னிப்புக் கேட்கலாமா, எழுந்து ஓடலாமா என்று கால் இரண்டும் தனித்தனியாக யோசித்தன.

"இதோ. இருபத்தி மூணாவது. 'பொம்மைகள் எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டி...' அதேதான்." இன்னும் கீழே தள்ளினார். "அனுப்புநர், அண்ணி." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஓ, உங்களோடதுதானா? அதான பாத்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குருவி கைபேசியை எடுத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னாங்க சார். நாலாவது ஷோகேஸ்ல ஏணி மேல நின்னுக்கிட்டு." அழுத்தினாள்.

என் குரல். ஆணி அடிக்கும் சத்தத்துக்கு நடுவில், மூச்சு வாங்க, எரிச்சலின் உச்சத்தில் நான் கத்திக்கொண்டிருந்தேன்: "இந்தத் தெருக்காரங்களுக்கு மூஞ்சியக் காட்டிக் காட்டி இதுங்களுக்கே அலுத்துப்போயிருக்கும்! ஒருநாள் பாரு, எல்லாத்தையும் திருப்பி நிக்க வச்சிடறேன். என்னத்தப் பாக்குதுங்கன்னு தெரியணும்னா உள்ள வந்து பாத்துக்கட்டும். ஆணியக் கொடுடி!"

மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரிப்பது போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். குருவி தன் யோசனையைச் சொன்னாள். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு மரம். நன்றாகத்தான் இருந்தது. மதியத்துக்குள் பொறுப்பு எனக்கு என்று சொல்லிவிட்டார்கள். தச்சர் ஓடிவந்து வாழ்த்தினார். நான் திருடப் போய் என் வீட்டுச் சாமானையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அதற்கு ஊர் கைதட்டுகிறது. சந்தோஷம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, நான் கம்பியைப் பிடித்து நின்றேன். இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தேன்.

"உன் பெட்டியில இருந்துதான் எடுத்தேன்" என்றேன்.

"தெரியும் அண்ணி. டேப்லெட்ல திறந்தா எத்தன மணிக்குத் திறந்தாங்கன்னு காட்டும்."

"தெரிஞ்சும் ஏன் வாய மூடிட்டு இருந்தே?"

"உங்களோடத நீங்க எடுத்தீங்க. நான் என்ன சொல்ல?" என் பக்கம் திரும்பினாள். "உங்க பேர்ல ஒரு பெட்டி இருந்துச்சே, அதத் திறக்கவே இல்லையே ஏன்?"

"என்னத் திட்டி எழுதியிருப்பியோன்னு நெனச்சேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கைபேசியை என் கையில் கொடுத்தாள். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 'அண்ணி' பெட்டியைத் திறந்து தள்ளிக்கொண்டே போனேன். மற்றப் பெட்டிகளில் இருந்ததும் சேர்த்து, இருநூற்றுப் பன்னிரண்டும் நான் சொன்னவை. குடைகளை மேலிருந்து தலைகீழாகத் தொங்கவிடுவது. ஒரு ஷோகேஸ் முழுக்க ஒரே நிறம். பாத்திரங்களில் முகம் தெரிகிற மாதிரி வெளிச்சம். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தியது, கணவரைத் திட்டும்போது உதிர்ந்தது, தச்சரோடு சண்டை போட்டபோது சொன்னது, எல்லாவற்றுக்கும் தேதி, இடம். எதுவுமே எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளிதான் அனுப்புநர், ஆளுக்கொரு நிறமாம். தச்சருக்கு நீலம், மேனேஜருக்கு ஆரஞ்சு, எனக்குப் பச்சை. அனுப்புநர் பெயர் போடாமல் ஒரு குறிப்பைக்கூட அவள் ஆப் சேமிக்காது. அப்படி அவளே அமைத்து வைத்திருக்கிறாள்.

"அப்ப உன்னோடது எத்தன?" என்று கேட்டேன்.

"கடைசில ஒரு பெட்டி இருக்கும் பாருங்க. 'நான்'னு."

தள்ளினேன். 'நான்'. பக்கத்தில் ஒன்பது.

ஆயிரத்து எண்ணூறு குறிப்புக்கு மேல் இருக்கிற இடத்தில் ஒன்பது.

"எனக்கு எப்பவும் உங்களப் பாத்தா பொறாமைதான் அண்ணி" என்றாள், யாரிடமோ சொல்வது போல ஜன்னலைப் பார்த்து. "நீங்க யாரையாவது திட்டினாலே ஒரு ஷோகேஸ் யோசனை விழுது. நான் பொறுக்கி அடுக்குறேன். அடுக்குறதுக்கு யாராவது மேலேருந்து போட்டாத்தான் உண்டு. நாலு வருஷமா கீழ நின்னு பாத்துட்டிருக்கேன், எனக்கு ஏன் வரமாட்டேங்குதுன்னு."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. என்னைப் பார்த்தும் ஒருத்திக்குப் பொறாமையா என்று ஒரு குளிர்ச்சி. நான்கு வருடத்தில் முதல்முறையாக எனக்கு நன்றாகப் பசித்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது.

வெட்கத்தை மறைக்க அந்த ஒன்பதையும் படித்தேன். முதல் ஆறு சுமார்தான். அந்த நாற்காலி மரம் அதில் ஒன்று. ஏழாவது இப்படி இருந்தது: "ஒரு ஷோகேஸில் பொம்மையே வேண்டாம். ஒரு நல்ல நாற்காலி, பக்கத்தில் ஒரு விளக்கு, ஒரு குடை. தெருவிலிருந்து உள்ளே வர ஒரு சின்னக் கதவு. கால் வலிக்கிறவர்கள் வந்து உட்காரலாம். யார் உட்கார்கிறார்களோ அவர்தான் அந்த நேரத்துக்குப் பொம்மை."

மறுபடி படித்தேன். பதினோரு வருடம் நின்ற முழங்காலுக்குத்தான் இது தோன்றும். என் இருநூற்றுப் பன்னிரண்டையும் தராசில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அரை நிமிடம் முன்னால் அடங்கிய வயிறு திரும்ப எரிய ஆரம்பித்தது.

"இத ஏன் நீ இன்னிக்குச் சொல்லல?"

"இது யாருக்குப் பிடிக்கும் அண்ணி? சும்மா எழுதி வச்சேன்."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புதுக்கடை தயாராக மூன்று மாதம் ஆயிற்று. பதினான்கு ஷோகேஸுக்கும் நான் திட்டம் போட்டேன். முனையில் முதுகு காட்டும் பொம்மைகள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய முதல் ஷோகேஸில் பொம்மை வைக்கவில்லை. கதவு வைக்கச் சொன்னதும் தச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நாற்காலிக்கு மட்டும் நான்கு கடை ஏறி இறங்கினேன், கைப்பிடி உள்ளது, முழங்கால் மடங்கச் சரியான உயரத்தில்.

திறப்பதற்கு முதல் நாள் மேனேஜர் ஒவ்வொரு ஷோகேஸாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் ஷோகேஸில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காகக் குருவியை நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். வெளியே பேருந்துக்கு நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நாங்களும் உக்காரலாமா?" என்று சைகையால் கேட்டார். குருவி தலையாட்டியதும் கதவைத் தேடி வந்தார்.

மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அடேங்கப்பா!" என்றார்.

பத்தொன்பது வருடமாக நான் காத்திருந்த 'அடேங்கப்பா'. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எப்படித்தான் தோணுதோ உங்களுக்கு! அண்ணி, இது உங்க யோசனைதானே? தலைமை ஆபீஸுக்கு எழுதணும்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளுக்கு நாங்கள் பேசுவது கேட்காது. கேட்டிருந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வாய் அரை நொடி சும்மா நின்றது. அந்த அரை நொடியில் நான் என்ன நினைத்தேன் என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

"இல்ல சார்" என்றேன். "என் நாத்தனாரோடது. அனுப்புநர்ல அவ பேரப் போட்டு எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர், அவளுடைய உண்மையான பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். நான்கு வருடமாகச் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறதுதான், ஆனால் கடையில் ஒருவர் வாயிலும் அது வந்ததில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.